கட்டடத் தச்சுப் பயிற்சி: மூன்று வாரமாக ஆணி மட்டும்தான் பிடுங்குகிறேன், இது பயிற்சியா?

கேள்வி கேட்ட தம்பி எழுதியிருப்பதன் சுருக்கம் இது. கட்டட வேலையில் தச்சுப் பழகுநராகச் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. பலகை சுமக்கிறார், கழற்றிப் போட்ட சென்ட்ரிங் (கான்கிரீட் ஊற்றுவதற்காகக் கட்டும் அச்சு) பலகையில் ஆணி பிடுங்குகிறார், சாயங்காலம் பெருக்குகிறார். உளியைத் தொட விடவில்லை. "இது பயிற்சிதானா, இல்லை என்னை எடுபிடியாக வைத்திருக்கிறார்களா? என்னென்ன கற்றுக்கொள்ள வேண்டும்? தனியாக வேலை எடுத்துச் செய்ய எத்தனை வருடம் ஆகும்?" என்று கேட்கிறார்.

மூன்று வாரத்தை வைத்து அந்த இடம் நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியாது தம்பி. மூன்று மாதம் கழித்தும் இதே கதை என்றால் அப்போது பேச வேண்டும், அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் இந்த வேலையில் கற்க வேண்டியது எது என்று பார்த்துவிடலாம். வெளியிலிருந்து பார்ப்பவர்களும் புதிதாகச் சேர்பவர்களும் இதைத்தான் தப்பாக நினைக்கிறார்கள்.

தச்சு என்றால் அறுப்பது, இழைப்பது, துளை போடுவது என்று தோன்றும். அதெல்லாம் விடாமல் செய்தால் ஒரு வருடத்தில் கைக்கு வந்துவிடும். கட்டடத் தச்சர் பல வருடம் எடுத்துக் கற்பது வேறொன்று: எங்கிருந்து அளப்பது என்பது. நான் செய்த தவறுகளிலும் பார்த்த தவறுகளிலும் ரம்பம் விலகியதால் வந்தவை குறைவு. அளவு தொடங்கிய இடமே தப்பாக இருந்ததால் வந்தவைதான் அதிகம்.

என் கதையையே சொல்கிறேன். பழகுநராக இருந்த இரண்டாம் வருடம், ஒரு நீளமான தாழ்வாரத்தில் பன்னிரண்டு கதவு நிலைகளை நிறுத்தும் வேலையை என்னிடம் விட்டார்கள். ரசமட்டம் வைத்து, தூக்குக் குண்டு விட்டு, ஒவ்வொன்றையும் பொறுமையாக நிறுத்தினேன். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே கச்சிதம். மேஸ்திரி வந்தார். ஒன்றும் பேசவில்லை. முதல் நிலையின் மேல்சட்டத்தில் ஒரு ஆணி, கடைசி நிலையில் ஒரு ஆணி அடித்து நடுவில் ஒரு நூலை இழுத்துக் கட்டினார். சில நிலைகள் நூலுக்கு மேலே நின்றன, சில கீழே. அதிக வித்தியாசம் 18 மி.மீ. ஒவ்வொரு நிலையின் உயரத்தையும் அதன் காலடியில் இருந்த கான்கிரீட் தரையிலிருந்து நான் அளந்திருந்தேன். தரையில் இருந்த மேடு பள்ளம் அப்படியே மேல்சட்டத்துக்கு ஏறிவிட்டது. இரண்டு நாள் கழற்றி மாட்டினேன்.

இதற்குத்தான் சுவரில் மீட்டர் கோடு போடுவது. தரையில் கல் பதித்து முடித்த பிறகு எந்த மட்டம் வருமோ, அதற்குச் சரியாக 1 மீட்டர் மேலே எல்லாச் சுவர்களிலும் ஒரே கோடு. தண்ணீர் நிரப்பிய டியூப் மட்டத்தாலும் போடலாம், லேசராலும் போடலாம். அது வந்த பிறகு தரையை யாரும் நம்பக் கூடாது. நிலை, ஜன்னல், அலமாரி, படிக்கட்டு எல்லாம் அந்தக் கோட்டிலிருந்துதான். உங்கள் இடத்தில் அந்தக் கோடு எங்கே இருக்கிறது, யார் போட்டார்கள், எந்தப் புள்ளியிலிருந்து கொண்டுவந்தார்கள் என்று தெரியுமா? பலகை சுமந்துகொண்டே கேட்கலாம். அதற்கு உளி வேண்டாம்.

பட்டறை மேசையிலும் இதே சங்கதிதான். ஒரு சட்டத்தை இழைக்கும்போது முதலில் ஒரு முகத்தைச் சமமாக்கி அதில் பென்சிலால் ஒரு சுழி போடுவோம். அதற்குச் செங்கோணமாக ஒரு ஓரத்தை எடுத்து அதிலும் குறி. அதன் பிறகு ஓரத்துக்கு இணையாகக் கோடு கீறும் மார்க்கிங் கேஜ், செங்கோணம் பார்க்கும் மூலைமட்டம் எதுவானாலும் அந்த இரண்டு குறியிட்ட பக்கங்களில் மட்டும்தான் சாய்க்க வேண்டும். எதிர்ப்பக்கத்தில் வைத்தால் சட்டத்தின் கனத்தில் இருக்கும் அரை மி.மீ. வித்தியாசம், ஒரு சட்டத்தின் முனையில் வெட்டும் நாக்கிலும் அது நுழையும் அடுத்த சட்டத்தின் துளையிலும் போய் உட்கார்ந்துகொள்ளும். பூட்டினால் இரண்டு சட்டமும் ஒரே தளத்தில் நிற்காது. நாக்கின் கனம் சட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு என்ற கணக்கை எவரும் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். எந்தப் பக்கத்திலிருந்து கோடு இழுத்தாய் என்று கேட்பவர்தான் நல்ல ஆசான்.

அளவு டேப்பை எடுத்துக்கொள்ளுங்கள். முனையில் இருக்கும் கொக்கி லேசாக ஆடும். பழுதாகிவிட்டது என்று நினைத்து அதைச் சுத்தியலால் தட்டி இறுக்கிய பையன்களை நான் பார்த்திருக்கிறேன். அது ஆட வேண்டும். கொக்கியின் தகடு எவ்வளவு கனமோ அவ்வளவு ஆடும். பலகையின் ஓரத்தில் மாட்டி இழுத்தால் வெளியே வரும், சுவரில் முட்டவைத்தால் உள்ளே போகும், இரண்டிலும் அளவு சரியாக வரும். கீழே போட்டுக் கொக்கி வளைந்த டேப் அன்று முழுக்கப் பொய் சொல்லும். ரசமட்டத்தை ஒரு இடத்தில் வைத்துப் பாருங்கள், அப்புறம் முனை மாற்றித் திருப்பி அதே இடத்தில் வையுங்கள். குமிழ் இரண்டு முறையும் ஒரே இடத்தில் நின்றால் மட்டம் நல்லது. மூலைமட்டத்துக்கும் அதேதான்: நேரான ஓரத்தில் சாய்த்து ஒரு கோடு போடு, திருப்பிப் போட்டு இன்னொரு கோடு போடு, கோடுகள் விலகினால் மூலைமட்டம் கோணல். இவற்றை முதல் மாதத்திலேயே பழகிக்கொள்ளலாம்.

கணக்கு பயமுறுத்துமா என்று நிறையப் பேர் கேட்பார்கள். பின்னம் தெரிய வேண்டும், பைதாகரஸ் தெரிய வேண்டும், அவ்வளவுதான். தரையில் செங்கோணம் பிடிக்க ஒரு பக்கம் 3 மீட்டர், அடுத்த பக்கம் 4 மீட்டர் குறித்தால் குறுக்கே 5 மீட்டர் வர வேண்டும். இடம் பெரிதாக இருந்தால் 6, 8, 10 என்று எடுங்கள், பிழை குறையும். வரைபடத்தில் எழுதியிருக்கும் அளவைத்தான் எடுக்க வேண்டும். தாளின் மேல் ஸ்கேல் வைத்து அளந்தால் பிரதி எடுக்கும்போது தாள் சுருங்கியதையும் சேர்த்துக் கட்டிவிடுவீர்கள்.

மரப் படிக்கட்டில் ஒரு கணக்கு இருக்கிறது, அதில் சறுக்காத பழகுநர் இல்லை. முடிந்த தரையிலிருந்து மேல்மாடியின் முடிந்த தரை வரை 2,975 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 17 ஏற்றம் (ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு உள்ள உயரம்) என்றால் ஒவ்வொன்றும் 175. படிகளைத் தாங்கும் பக்கப் பலகையில் 175, 175 என்று ஒன்றுக்குப் பின் ஒன்றாகக் குறித்துக்கொண்டே போனால், ஒவ்வொரு முறையும் பென்சில் கனம் ஒரு மி.மீ. நகர்ந்தாலே கடைசியில் 17 மி.மீ. காணாமல் போயிருக்கும். அதனால் 175, 350, 525 என்று ஒரே முனையிலிருந்து கூட்டுத்தொகையாகக் குறிக்க வேண்டும். அடுத்த பொறி இன்னும் நுட்பமானது. பக்கப் பலகையில் எல்லா வெட்டும் 175தான், கால் வைக்கும் மிதிபலகை 30 மி.மீ. கனம் என்றால், பலகைகளை ஏற்றிய பிறகு முதல் படி 205 ஆகிவிடும். நடுப்படிகள் 175 இருக்கும். மேலே போய்ச் சேரும் கடைசி ஏற்றம் 145 ஆகிவிடும். ஏறுகிறவர் முதல் படியில் தடுக்குவார், கடைசிப் படியில் காலைத் தூக்கி வெறுங்காற்றில் வைப்பார். பக்கப் பலகையின் அடியில் அந்த 30ஐ அறுத்துவிட்டால் இரண்டும் ஒரே வெட்டில் சரியாகிவிடும். இதைத் தாளில் படித்தால் தலை சுற்றும். நான்கு அட்டைத் துண்டை வெட்டி அடுக்கிப் பாருங்கள், ஐந்து நிமிடத்தில் பிடிபடும்.

இப்போது நீங்கள் வெறுக்கும் ஆணிக்கு வருகிறேன்.

சென்ட்ரிங் என்பது பிரிப்பதற்காகவே கட்டும் தச்சு வேலை. ஆணியைப் பிடுங்கும்போது அது எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். கான்கிரீட் இறுகிய பிறகு எட்டக்கூடிய பக்கத்திலிருந்து அடித்திருந்தால் அடித்தவருக்கு வேலை தெரியும். எட்டாத பக்கத்திலிருந்து அடித்ததை எடுக்கப் பலகையையே உடைக்க வேண்டியிருக்கும். இரட்டைத் தலை ஆணி எங்கே போட்டிருக்கிறார்கள், ஏன் அங்கே மட்டும் போட்டிருக்கிறார்கள்? எந்தப் பலகை வயிறு தள்ளியிருக்கிறது? பெரும்பாலும் தூண் பெட்டியின் அடிப்பகுதியில் இருந்ததாகத்தான் இருக்கும். ஈரக் கான்கிரீட் ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 2,400 கிலோ. ஊற்றும்போது அது தண்ணீரைப் போலப் பக்கவாட்டில் தள்ளும். 3 மீட்டர் உயரத் தூணை வேகமாக ஒரே மூச்சில் நிரப்பினால் அடியில் ஒரு சதுர மீட்டருக்கு ஏழு டன்னுக்கு மேல் அழுத்தம் வரும். அதனால்தான் கீழே கட்டுகளும் கிளாம்புகளும் நெருக்கமாக, மேலே போகப் போக இடைவெளி விட்டு வரும். கழற்றிய பலகையில் ஆணித் துளைகளின் இடைவெளியைப் பார்த்தாலே இந்தப் பாடம் எழுதியிருக்கும்.

கூரைத் தளத்துக்கு முட்டு கொடுப்பதும் அப்படித்தான். 150 மி.மீ. தளம் என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 360 கிலோ. கம்பி, ஆள், வண்டி எல்லாம் அதற்கு மேல். முட்டு செங்குத்தாக நிற்க வேண்டும், அடியில் பலகை இருக்க வேண்டும், ஆப்பு நழுவாமல் ஆணி அடித்திருக்க வேண்டும். பிரிக்கும்போது சாதாரணத் தளத்தில் நடுவிலிருந்து ஓரங்களை நோக்கி முட்டுகளை எடுப்பார்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தளத்தில் வெளி முனையிலிருந்து சுவரை நோக்கி எடுப்பார்கள். மாற்றிச் செய்தால் தளம் தான் தாங்கும்படி கட்டப்படாத விதத்தில் பாரம் சுமக்கும், விரிசல் விழும். எந்த நாளில் பிரிப்பது என்பதைப் பொறியாளர் சொல்ல வேண்டும். பலகை அவசரமாக வேண்டும் என்று யார் சொன்னாலும் நீங்களாக ஒரு முட்டுக்காலைக்கூட எடுக்காதீர்கள்.

மரத்தைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. அளந்து வெட்டிய பிறகும் அளவு மாறுகிற பொருள் அது. ஈரம் குறையும்போது மரம் சுருங்கும். ஆனால் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி சுருங்காது. வருட வளையத்தின் போக்கில் சுருங்குவது, மையத்திலிருந்து வெளிநோக்கிச் சுருங்குவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. நீளவாக்கில் மிகமிகக் குறைவு. பலகை ஏன் குழிகிறது என்பதற்கு இதுதான் காரணம். குறுக்குவெட்டு முனையில் வளையங்களைப் பாருங்கள்: காயும்போது வளையம் நிமிரப் பார்க்கும், பலகை அதற்கு எதிர்ப்பக்கம் வளையும். இதனால்தான் கதவுச் சட்டத்தின் பள்ளத்தில் நடுப்பலகையைப் பசை போடாமல் சும்மா செருகுகிறோம். அது அகலத்தில் விரிந்து சுருங்க இடம் வேண்டும். பசை போட்டு இறுக்கினால் ஒன்று பலகை பிளக்கும், அல்லது சட்டத்தின் இணைப்பு திறக்கும். வைரப் பகுதி (மரத்தின் உள்ளே முற்றிய பகுதி) எது, வெள்ளை (பட்டையை ஒட்டிய வெளிப்பகுதி) எது என்று பலகை சுமக்கும்போதே பிரித்துப் பார்த்துப் பழகுங்கள். பூச்சியும் பூஞ்சையும் முதலில் வெள்ளையில்தான் ஏறும்.

உளி கைக்கு வரும் நாளில் முதல் வேலை மரமாக இருக்காது, சாணைக்கல்லாக இருக்கும். உளியின் சாய்வை 25 பாகையில் தீட்டி, விளிம்பை மட்டும் 30 பாகையில் கூராக்குவது வழக்கம். சாய்வுப் பக்கத்தைத் தேய்க்கத் தேய்க்கத் தட்டைப் பக்கத்தின் விளிம்பில் ஒரு பிசிறு எழும். கட்டை விரலை உளியின் முதுகிலிருந்து விளிம்புக்கு வெளியே மெதுவாக ஓட்டினால் நகத்தில் மாட்டுவது போல் தெரியும். அகலம் முழுக்க அது தெரியும் வரை நிறுத்தக் கூடாது. அப்புறம் தட்டைப் பக்கத்தைக் கல்லில் படுக்கவைத்து அந்தப் பிசிறை எடுக்க வேண்டும். தட்டைப் பக்கம் தட்டையாக இல்லாத உளி எத்தனை முறை தீட்டினாலும் கூராகாது. இதையும் ஒரு எடுபிடி வேலை என்று நினைத்துவிடாதீர்கள். மழுங்கிய உளியைத்தான் பலம் போட்டு அழுத்துவோம், பலம் போடும்போதுதான் அது வழுக்கிக் கையில் இறங்கும்.

கதவு மாட்டுவதை ஒரு முறை கிட்ட நின்று பாருங்கள். நல்ல ஆசாரி முதலில் கதவைத் தொடமாட்டார், நிலையைப் பார்ப்பார். இரண்டு நிலைக்காலும் ஒரு பக்கமிருந்து பார்த்தால் தூக்கு நேரில் இருக்கும். ஆனால் ஒன்று அறைக்குள் சாய்ந்து, இன்னொன்று வெளியே சாய்ந்திருந்தால் நிலை முறுக்கியிருக்கிறது என்று அர்த்தம். மூலைக்கு மூலை இரண்டு நூல் கட்டினால் நடுவில் அவை உரசிக்கொண்டு போக வேண்டும். விலகி நின்றால் முறுக்கு. அந்த நிலையில் எந்தக் கதவை மாட்டினாலும் மேலே தொடும்போது கீழே தொடாது. நிலை சரி என்றால் கதவைச் சுற்றி 2 முதல் 3 மி.மீ. இடைவெளி வருமாறு இழைப்பார்கள். பூட்டு வரும் ஓரத்தை இரண்டு மூன்று பாகை சாய்த்து இழைப்பார்கள், இல்லையென்றால் மூடும்போது உள் முனை நிலையில் இடிக்கும். கீல் உட்காரும் பள்ளம் கீல் தகட்டின் கனம் எவ்வளவோ அவ்வளவுதான். ஆழம் அதிகமாகிவிட்டால் கதவு மூடப் போகும்போது ஸ்பிரிங் வைத்தது போலத் திரும்பி வரும். பையன்கள் உடனே பூட்டுப் பக்கத்தை இழைக்க ஓடுவார்கள். அங்கே ஒரு தப்பும் இல்லை. கீலுக்குப் பின்னால் ஒரு மெல்லிய அட்டைத் துண்டை வைத்தால் போதும். ஒவ்வொரு கீலிலும் முதலில் ஒரே ஒரு திருகாணி போட்டு ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் மற்றவற்றைப் போட வேண்டும். கடைசியில் கதவின் மேல் விளிம்பையும் அடி விளிம்பையும் கையால் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத இடம் என்று பெயின்ட் அடிக்காமல் விடுவது அங்கேதான், கதவின் செங்குத்துச் சட்டங்களின் வெட்டு முனை ஈரம் குடிப்பதும் அங்கேதான்.

சுவர் எப்போதும் நேராக இருக்காது. அலமாரியின் ஓரப் பட்டை சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும் என்றால், பட்டையைத் தூக்கு நேரில் நிறுத்தி, காம்பஸின் ஒரு காலைச் சுவரில் ஓட்டி, பென்சில் காலைப் பட்டையில் இழுத்தால் சுவரின் நெளிவு அப்படியே மரத்தில் விழும். காம்பஸைக் கிடைமட்டமாகவே பிடித்து இறக்க வேண்டும், சாய்ந்தால் நெளிவு வேறாகிவிடும். இங்கே எண்ணே கிடையாது, டேப்பே கிடையாது. பிரான்சில் மரக் கூரைச் சட்டங்களை இப்படிக் கோடு இழுத்து வகுக்கும் பழைய கலையை 2009இல் யுனெஸ்கோ மனிதகுலப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நாம் அலமாரிப் பட்டைக்குச் செய்வது அதன் சின்னத் தம்பி.

பாதுகாப்பைப் பற்றி இரண்டே விஷயம். பிடுங்கிய ஆணியை உடனே டப்பாவில் போடுங்கள், ஆணி மேலே பார்க்கும் பலகையைத் தரையில் போடாதீர்கள். காலில் ஏறுவது இந்த வேலையில் சர்வ சாதாரணம். இன்னொன்று தூசி. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இல் வெளியிட்ட அறிக்கையில், மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான பொருள்களின் பிரிவில் வைத்தது. மூக்கிலும் அதை ஒட்டிய சைனஸ் அறைகளிலும் வருவது. துண்டைக் கட்டிக்கொள்வது போதாது, வடிகட்டும் முகக்கவசம் கேட்டு வாங்குங்கள். மேசை ரம்பத்தில் தகட்டுக்குப் பின்னால் நிற்கும் பிளவுக் கத்தியைக் கழற்றிவிட்டு வேலை செய்கிற இடத்தில் அந்த இயந்திரத்துக்கு அருகே போகாதீர்கள். அறுத்த மரம் சேர்ந்துகொண்டு தகட்டைக் கவ்வினால் துண்டு உங்கள் மேல்தான் பாயும்.

எத்தனை வருடம்? ஜெர்மனியில் மரக் கட்டமைப்புத் தச்சருக்கு முறையான பயிற்சி 3 வருடம், ஆஸ்திரேலியாவில் வழக்கமாக 4. தனியாக வேலை எடுக்க ஏறக்குறைய அந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் வருடத்தைவிட என்ன பார்த்தீர்கள் என்பது முக்கியம். சென்ட்ரிங், கூரை, சுவர்ப் பூச்சுக்கு முன் வரும் நிலை வேலை, பூச்சுக்குப் பின் வரும் கதவு, அலமாரி, பூட்டு வேலை, படிக்கட்டு. இவற்றில் ஒன்றை மட்டுமே செய்யும் குழுவில் நான்கு வருடம் இருந்தால் ஒரு வருடத்தை நான்கு முறை படித்ததாகத்தான் ஆகும்.

கருவி வாங்கப் பெட்டி பெட்டியாக ஓட வேண்டாம். நல்ல டேப், பென்சில், மூலைமட்டம், சுத்தியல், ஒரு கைரம்பம், 6, 12, 25 மி.மீ. உளிகள், ஒரு சாணைக்கல். ஒரு சின்ன நோட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அன்று நீங்கள் சுமந்த பலகை எங்கே போய் உட்கார்ந்தது, அதன் அளவை எங்கிருந்து எடுத்தார்கள் என்று ஒரு படம் போடுங்கள்.

அந்த மூன்று மாதக் கணக்குக்கு வருகிறேன். அதற்குள் யாராவது உங்கள் கையில் டேப்பின் மறுமுனையைக் கொடுத்துப் பிடிக்கச் சொல்லியிருக்க வேண்டும். ஒரு கோடாவது நீங்கள் போட்டு, அதை இன்னொருவர் சரிபார்த்திருக்க வேண்டும். உங்கள் தவறு ஒன்றையாவது பிடித்து, அது எங்கே தொடங்கியது என்று காட்டியிருக்க வேண்டும். இவை நடந்திருந்தால் சுமை இருந்தாலும் பரவாயில்லை, இருங்கள். நடக்கவில்லை என்றால் மேஸ்திரியிடம் தனியாகப் போய், "அண்ணே, அடுத்த நிலை வைக்கும்போது நான் மட்டம் பிடிக்கிறேன்" என்று ஒரு குறிப்பிட்ட வேலையைக் கேளுங்கள். "எனக்கு வேலை கற்றுக் கொடுங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் "பார்க்கலாம்" என்றுதான் பதில் வரும். குறிப்பிட்டுக் கேட்டும் இரண்டு முறை தட்டிக் கழித்தால், உங்களுக்கு முன் அங்கே பழகுநராக இருந்தவர்கள் இப்போது எங்கே, என்ன வேலை செய்கிறார்கள் என்று விசாரியுங்கள். ஒருவர்கூடத் தச்சராக நிற்கவில்லை என்றால் வேறு இடம் பாருங்கள். நோட்டை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.